ஆதார ஸட்ஜம் முதல் மேளகர்த்தா வரை: கர்நாடக இசையின் ஸ்வரங்களைப் புதிதாகக் கற்போருக்கு

கர்நாடக இசையைக் கேட்கத் தொடங்கிய சில மாதங்களில், பாடுபவர் எந்த ஸ்வரத்தில் நிற்கிறார், ஒரு ராகத்துக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு, 72 மேளங்கள், அதாவது தாய் ராகங்கள், என்பது என்ன கணக்கு என்பனவற்றைத் தாமே அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் பலருக்கும் எழுகிறது. அந்த ஆவலோடு பாடநூலைத் திறப்பவர் முதலில் காண்பது பெரும்பாலும் அட்டவணையைத்தான்: 12 ஸ்வரஸ்தானங்கள், 16 பெயர்கள், 12 சக்கரங்கள், அவற்றுக்குள் 72 மேளங்கள். அட்டவணையை மனப்பாடம் செய்வது கடினமன்று. ஆனால் அதை மனப்பாடம் செய்தவருக்கும், கச்சேரியில் ஒலிக்கும் காந்தாரம் சாதாரணமா அந்தரமா என்பது விளங்காமலே போகிறது. பெயர்களைக் கற்பதற்கு முன்பே அவை குறிக்கும் ஒலிகள் காதில் பதிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒலி முதலிலும், பெயர் அதற்குப் பின்னும், கணக்கு கடைசியிலும் வருகின்றன. பாட விரும்பாமல் கேட்க மட்டுமே விரும்புபவரும் இங்குக் கூறப்படும் பயிற்சிகளைத் தம் குரலில் முணுமுணுத்தாவது பார்க்க வேண்டும். குரலில் ஒருமுறை பிடிபட்ட ஸ்வரம் காதுக்கு எளிதில் பிடிபடும்.

ஸட்ஜத்தை நிலைநிறுத்துதல்

ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு எழுத்துகளும் முறையே ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் ஆகியவற்றைக் குறிக்கின்றன. இவற்றுள் எதற்கும் மாறாத அதிர்வெண் என்று ஒன்று கிடையாது. பாடுபவரோ வாசிப்பவரோ எந்த ஒலியை ஆதாரமாகக் கொள்கிறாரோ அதுவே ஸட்ஜம். மற்ற ஆறும் அந்த ஸட்ஜத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதைக் கொண்டே பெயர் பெறுகின்றன. இந்த ஒரு செய்தி மனத்தில் ஊன்றிவிட்டால் பின்னர் வரும் எல்லாமே தெளிவாகும். இது ஊன்றாமல் எத்தனை ராகங்களின் ஆரோகண அவரோகணங்களைக் (ஏறு, இறங்கு வரிசைகளைக்) கற்றாலும் அவை எழுத்துகளாகவே நின்றுவிடும்.

எனவே முதல் வேலை உங்கள் குரலுக்குரிய சுருதியைத் தேர்ந்துகொள்வது. நம்மவர் சுருதியைக் ‘கட்டை’ என்ற அளவால் சொல்வது வழக்கம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணுவதிலிருந்து வந்த முறை இது. 1 கட்டை என்பது மேல்நாட்டு இசையின் ‘சி’ ஸ்வரம். 2 கட்டை ‘டி’. 5 கட்டை ‘ஜி’. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை என்று வழங்கும். ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டை வரையிலும், பெண்கள் பெரும்பாலும் 5 முதல் 6 கட்டை வரையிலும் பாடுகின்றனர். ஆனால் இவற்றை விதியாகக் கொள்ளாமல் உங்கள் குரலையே கேட்டு முடிவு செய்யுங்கள். ஸட்ஜத்திலிருந்து கீழிறங்கி மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தையும், மேலேறித் தார ஸ்தாயிப் பஞ்சமத்தையும் தொண்டை இறுகாமல் தொட முடிகிற சுருதியே உங்களுக்குரியது. தொடக்கத்தில் மேலே மத்யமம் வரை எட்டினாலும் போதும்.

சுருதிப்பெட்டியையோ கைப்பேசியில் கிடைக்கும் தம்புராச் செயலியையோ அந்த அளவில் ஒலிக்கவிட்டு, ‘ஸா’ என்றும் பிறகு ‘ஆ’ என்றும் நீண்ட மூச்சில் நிறுத்திப் பாடிப் பழகுங்கள். குரல் சுருதியைவிடச் சற்று ஏறியோ இறங்கியோ நின்றால் இரண்டு ஒலிகளும் மோதி ஓர் அலைவு கேட்கும். குரல் மெல்ல நகர்ந்து சுருதியோடு ஒன்றும்போது அந்த அலைவு குறைந்து மறையும். இந்த மறைவைக் கேட்கத் தெரிவதுதான் சுருதி ஞானத்தின் தொடக்கம். நாள்தோறும் சிறிது நேரம் இதற்கென ஒதுக்குவது, வாரம் ஒருமுறை நெடுநேரம் பாடுவதைவிட மிகுந்த பயன் தரும்.

பஞ்சமமும் மேல் ஸட்ஜமும்

தம்புராவின் நான்கு தந்திகளில் முதலாவது மந்தரப் பஞ்சமத்திலும், நடுவிலுள்ள இரண்டும் ஸட்ஜத்திலும், நான்காவது மந்தர ஸட்ஜத்திலும் சேர்க்கப்படுகின்றன. அதாவது ஸட்ஜத்துக்கு அடுத்தபடியாக நம் இசை எப்போதும் பின்னணியில் வைத்திருக்கும் ஒலி பஞ்சமம். இவ்விரண்டுக்கும் வேறுபட்ட வகைகள் இல்லை. ஆகையால் இவற்றைப் பிரகிருதி ஸ்வரங்கள் என்பர். மற்ற ஐந்தும் இடம் மாறக்கூடிய விகிருதி ஸ்வரங்கள்.

எண்ணால் சொன்னால், ஸட்ஜத்தின் அதிர்வெண் 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் பஞ்சமம் அதன் ஒன்றரை மடங்காகிய 360 ஹெர்ட்ஸிலும், மேல் ஸட்ஜம் இரு மடங்காகிய 480 ஹெர்ட்ஸிலும் அமையும். சுத்த மத்யமம் ஸட்ஜத்தைப் போல் மூன்றில் நான்கு பங்கு, அதாவது 320 ஹெர்ட்ஸ். அந்தர காந்தாரம் ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் 300 ஹெர்ட்ஸில் நிற்கும். இந்த எண்களைக் கணக்காக நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறிய முழு எண்களின் விகிதத்தில் அமைந்த ஒலிகள் ஒன்றோடொன்று இயல்பாக இழைகின்றன என்பதையும், அதனால்தான் இவை காதுக்கு விரைவில் பிடிபடுகின்றன என்பதையும் அறிந்திருப்பது நல்லது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தரத் தந்தியை மட்டும் மீட்டிக் கூர்ந்து கேட்டால், யாரும் வாசிக்காமலே அந்தர காந்தாரம் மெலிதாக எழுவதைக் கேட்கலாம். அதனை ஸ்வயம்பு காந்தாரம் என்பர். தொடக்கத்திலேயே இதைக் கேட்டுவிட வேண்டும் என்று வருந்தத் தேவையில்லை. சில வாரங்கள் தம்புராவோடு பழகியவருக்கு அது தானாகவே கேட்கும்.

பயிற்சி இதுதான்: ஸ–ப–ஸ் என ஏறி, அவ்வாறே இறங்குக. பிறகு ஸட்ஜத்தைப் பாடாமல், சுருதி ஒலிக்கும்போதே நேராகப் பஞ்சமத்தில் குரலை வைத்துப் பார்க்க. தேடாமல் இடத்தில் விழுந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

பன்னிரண்டு இடங்கள்

ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் இடைப்பட்ட வெளி 12 இடங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. வீணையில் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகளாக இரண்டு ஸ்தாயிகளுக்கு 24 மெட்டுகள் இருப்பதையும், கீபோர்டில் வெள்ளையும் கறுப்புமாக 12 கட்டைகளுக்குப் பின் அதே வரிசை திரும்ப வருவதையும் பார்த்தால் இது கண்ணுக்கே புலப்படும். ஸட்ஜத்தை முதல் இடமாகக் கொண்டு எண்ணினால் அவை பின்வருமாறு அமையும்:

1 – ஸட்ஜம்
2 – சுத்த ரிஷபம் (ரி1)
3 – சதுஸ்ருதி ரிஷபம் (ரி2), சுத்த காந்தாரம் (க1)
4 – ஷட்ஸ்ருதி ரிஷபம் (ரி3), சாதாரண காந்தாரம் (க2)
5 – அந்தர காந்தாரம் (க3)
6 – சுத்த மத்யமம் (ம1)
7 – பிரதி மத்யமம் (ம2)
8 – பஞ்சமம்
9 – சுத்த தைவதம் (த1)
10 – சதுஸ்ருதி தைவதம் (த2), சுத்த நிஷாதம் (நி1)
11 – ஷட்ஸ்ருதி தைவதம் (த3), கைசிகி நிஷாதம் (நி2)
12 – காகலி நிஷாதம் (நி3)

இடங்கள் 12, பெயர்கள் 16. நான்கு இடங்களுக்கு இரண்டு பெயர்கள் ஏன் என்ற கேள்வி புதியவர் எல்லோருக்கும் எழும். ஒரு ராகத்தில் ரிஷபமும் காந்தாரமும் அடுத்தடுத்து வரும்போது, முதலில் நிற்பது ரிஷபம், அதற்கு மேலே நிற்பது காந்தாரம். இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் சேர்ந்து வரும் ராகத்தில், கீழே நிற்பது ரிஷபமாகிவிடுவதால் மூன்றாம் இடம் காந்தாரம் என்ற பெயரை ஏற்கிறது. அதே மூன்றாம் இடம், மேலே ஐந்தாம் இடத்தில் காந்தாரம் நிற்கும் ராகத்தில் ரிஷபமாகிறது. ஒலி ஒன்றே, அந்த ராகத்தின் வரிசையில் அது வகிக்கும் பதவிதான் வேறு. தைவத நிஷாதங்களுக்கும் இதே முறைதான். க1, ரி3, நி1, த3 ஆகியவற்றுள் ஒன்றேனும் வரும் ராகங்களை விவாதி ராகங்கள் என்பர். தொடங்குவோர் இவற்றைச் சில காலம் ஒதுக்கி வைக்கலாம். ரிஷபத்தில் ரி1, ரி2 இரண்டும், காந்தாரத்தில் க2, க3 இரண்டும், தைவத நிஷாதங்களில் அவ்வாறே இரண்டிரண்டும் தெளிவாகக் கேட்டாலே, கச்சேரிகளில் வழங்கும் ராகங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது போதுமானது.

கீபோர்டைத் துணையாகக் கொள்பவருக்கு ஓர் எச்சரிக்கை. அக்கருவியில் 12 இடங்களும் ஒரே சீரான இடைவெளியில் வைக்கப்பட்டுள்ளன. அதனால் ஸட்ஜம் 240 ஹெர்ட்ஸாக இருக்கும்போது, இயல்பாக 300 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அந்தர காந்தாரம் கீபோர்டில் ஏறத்தாழ 302.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பஞ்சமத்தில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. காந்தாரத்தில் பழகிய காதுக்குத் தெரியும். எனவே இடத்தைக் கண்டுகொள்ளக் கீபோர்டைப் பயன்படுத்துங்கள். குரலைச் சேர்ப்பதற்குத் தம்புராவையே நம்புங்கள்.

மாயாமாளவகௌளையில் முதற்பாடம்

கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, மேல்ஸ்தாயி வரிசை, ஏழு தாளங்களுக்கான அலங்காரங்கள் என அமையும் அப்பாடங்கள் அனைத்தும் மாயாமாளவகௌளை ராகத்தில் கற்பிக்கப்படுகின்றன. அதன் ஸ்வரங்கள்: ஸ ரி1 க3 ம1 ப த1 நி3 ஸ். 1 கட்டைச் சுருதியில் கீபோர்டில் வாசிப்பவர், முதல் வெள்ளைக் கட்டை, அதையடுத்த கறுப்பு, மூன்றாம் நான்காம் ஐந்தாம் வெள்ளைகள், அதையடுத்த கறுப்பு, ஏழாம் வெள்ளை என இதனைக் காணலாம்.

இந்த ராகத்தை முதற்பாடத்துக்குத் தேர்ந்ததில் உள்ள நுட்பம் போற்றத்தக்கது. ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை இதன் இடைவெளிகளை எண்ணினால் 1, 3, 1, 2, 1, 3, 1 என வரும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே வரிசை. ஸட்ஜத்திலிருந்து மத்யமம் வரையிலான கீழ்ப்பாதியும், பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரையிலான மேற்பாதியும் ஒரே வடிவம் கொண்டவை. ஆகவே கீழ்ப்பாதியைப் பிடித்த குரலுக்கு மேற்பாதி ஏற்கெனவே அறிமுகமான வழியாகிறது. அதோடு, ரிஷபம் ஸட்ஜத்தை ஒட்டியும், காந்தாரம் மத்யமத்தை ஒட்டியும், தைவதம் பஞ்சமத்தை ஒட்டியும், நிஷாதம் மேல் ஸட்ஜத்தை ஒட்டியும் நிற்கின்றன. உறுதியான ஒரு ஸ்வரத்தின் பக்கத்திலேயே ஒவ்வொரு மாறும் ஸ்வரமும் இருப்பதால், குரல் தவறும்போது பற்றிக்கொள்ள எப்போதும் ஓர் ஊன்றுகோல் உண்டு. நெருக்கமான இடைவெளியும் அகன்ற இடைவெளியும் மாறி மாறி வருவதால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி கிடைக்கிறது.

சரளி வரிசையைப் பாடும்போது ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு, முதற்காலத்தில் ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு ஸ்வரமாகவும், இரண்டாம் காலத்தில் இரண்டாகவும், மூன்றாம் காலத்தில் நான்காகவும் பாட வேண்டும். தாளத்தின் வேகம் மாறக்கூடாது. விரைவாகப் பாடுவதில் புதியவர்களுக்கு இருக்கும் ஆசை இயல்பானதே. ஆனால் முதற்காலத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் சுருதியில் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் மூன்றாம் காலத்துக்குப் போனால், தவறிய இடங்களே பழக்கமாகிவிடும். பழகிய தவறைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

பாட நூல்களில் ‘ஸ’ என்ற குறில் ஓர் அளவையும், ‘ஸா’ என்ற நெடில் இரண்டு அளவையும் குறிக்கும். காற்புள்ளி ஓர் அளவு நீட்டிப்பு, அரைப்புள்ளி இரண்டு அளவு நீட்டிப்பு. எழுத்தின் மேல் புள்ளியிருந்தால் தார ஸ்தாயி, கீழே இருந்தால் மந்தர ஸ்தாயி. எழுதியிருப்பதைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

ஐந்து ஸ்வர ராகங்களில் காதைத் தீட்டுதல்

வரிசைகள் ஓரளவு பழகியபின், ஏழு ஸ்வரங்களும் கொண்ட பெரிய ராகங்களுக்குச் செல்லுமுன் ஐந்து ஸ்வரங்கள் மட்டுமே கொண்ட ராகங்களில் சில காலம் தங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. இவற்றை ஔடவ ராகங்கள் என்பர். ஆறு ஸ்வரங்கள் கொண்டவை ஷாடவம், ஏழும் கொண்டவை ஸம்பூர்ணம். ஸ்வரங்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் தனித்து நின்று காதில் பதிகிறது.

மோகனத்தில் தொடங்குங்கள்: ஸ ரி2 க3 ப த2 ஸ். இதைப் பாடிப் பழகியபின் ஓர் அரிய சோதனையைச் செய்து பார்க்கலாம். மோகனத்தின் அதே ஐந்து ஒலிகளை வைத்துக்கொண்டு, அதன் ரிஷபத்தையே புதிய ஸட்ஜமாகக் கருதிப் பாடினால் கிடைப்பது மத்யமாவதி (ஸ ரி2 ம1 ப நி2 ஸ்). காந்தாரத்தை ஸட்ஜமாக்கினால் ஹிந்தோளம் (ஸ க2 ம1 த1 நி2 ஸ்). பஞ்சமத்தை ஆக்கினால் சுத்தஸாவேரி (ஸ ரி2 ம1 ப த2 ஸ்). தைவதத்தை ஆக்கினால் சுத்ததன்யாசி (ஸ க2 ம1 ப நி2 ஸ்). கீபோர்டில் எந்தக் கட்டையையும் மாற்றாமல், தொடங்கி முடிக்கும் இடத்தை மட்டும் மாற்றி, தம்புராவின் சுருதியையும் அதற்கேற்ப நகர்த்தினால், ஐந்து வெவ்வேறு ராகங்களின் சாயல் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைக் கேட்கலாம். இதைக் கிரகபேதம் என்கிறோம். ஸ்வரம் என்பது ஸட்ஜத்திலிருந்து உள்ள தொலைவே என்று தொடக்கத்தில் சொன்னது, இங்குச் செவிக்கு நேரடியாகப் புலனாகிறது.

தமிழிசை மரபில் இது மிகப் பழைய செய்தி. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு இசைகளைச் சிலப்பதிகாரம் பெயரிட்டு வழங்குகிறது. ஒரு பண்ணின் நரம்புகளுள் வேறொன்றைக் குரலாகக் கொண்டு புதிய பண் பெறும் முறை பண்ணுப்பெயர்த்தல் எனப்பட்டது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலும், விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலிலும் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் பின்னொரு நாளில் இவற்றைப் படித்தால் பெரும்பயன் அடைவர்.

மேளகர்த்தாக் கணக்கு

இப்போதுதான் அட்டவணைக்கு வருகிறோம். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையைச் சேர்ந்த வேங்கடமகி, தமது சதுர்தண்டி பிரகாசிகையில் ஸ்வரச் சேர்க்கைகளை எல்லாம் கணக்கிட்டு 72 மேளங்கள் அமையும் என்று காட்டினார். கணக்கு எளியது. ரிஷப காந்தாரச் சேர்க்கைகள் ஆறு: ரி1க1, ரி1க2, ரி1க3, ரி2க2, ரி2க3, ரி3க3. இவ்வாறே தைவத நிஷாதச் சேர்க்கைகளும் ஆறு. ஆறும் ஆறும் பெருக்க 36. சுத்த மத்யமத்தோடு 36, பிரதி மத்யமத்தோடு 36, ஆக 72. ஆறு மேளங்கள் கொண்ட தொகுதி ஒரு சக்கரம். இந்து, நேத்ர, அக்னி, வேத, பாண, ருது, ரிஷி, வஸு, பிரம்ம, திசி, ருத்ர, ஆதித்ய என்பன 12 சக்கரங்களின் பெயர்கள்.

எண்ணை வைத்து ஸ்வரங்களைக் காணும் முறை வருமாறு. எண் 36க்கு மேற்பட்டதாயின் 36ஐக் கழித்துவிட்டு மத்யமத்தைப் பிரதி மத்யமமாகக் குறித்துக்கொள்க. இல்லையேல் சுத்த மத்யமம். மிஞ்சிய எண் எத்தனையாவது சக்கரத்தில் விழுகிறது என்பது ரிஷப காந்தாரங்களைச் சொல்லும். அச்சக்கரத்தில் அது எத்தனையாவது என்பது தைவத நிஷாதங்களைச் சொல்லும். இரண்டுக்கும் மேற்சொன்ன ஆறு சேர்க்கைகளின் வரிசையே அளவுகோல். 15ஆம் மேளத்தைப் பார்ப்போம்: 13 முதல் 18 வரை மூன்றாம் சக்கரம், ஆகவே ரி1க3, அதில் 15 மூன்றாவது, ஆகவே த1நி3. நாம் முதற்பாடத்தில் கற்ற மாயாமாளவகௌளை இதுவே. 57ஆம் மேளமாகிய சிம்மேந்திரமத்யமத்தில் 36 போக 21, 19 முதல் 24 வரை நான்காம் சக்கரம், ஆகவே ரி2க2, அதில் மூன்றாவது, ஆகவே த1நி3, மத்யமம் ம2.

பெயரிலிருந்தே எண்ணைக் காண கடபயாதி என்ற முறையும் உண்டு. ராகப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளுக்குரிய எண்களை எடுத்துத் திருப்பிப் படிக்க வேண்டும். மாயாமாளவகௌளையில் ‘ம’ 5, ‘ய’ 1; திருப்பினால் 15. மேசகல்யாணியில் ‘ம’ 5, ‘ச’ 6, திருப்பினால் 65. சங்கராபரணத்துக்கு ‘தீர’ என்றும், கல்யாணிக்கு ‘மேச’ என்றும், தோடிக்கு ‘ஹநும’ என்றும் முன்னொட்டுச் சேர்த்தது இந்தக் கணக்குக்காகவே. ஆனால் இம்முறை வடமொழியின் வர்க்க எழுத்துகளை ஆதாரமாகக் கொண்டது. தமிழ் எழுத்தில் எழுதிய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ‘க’ என்பது ஒன்றா இரண்டா மூன்றா நான்கா என்று கூற இயலாது. ஆகவே இதில் நேரம் செலவிடாமல், அடிக்கடி கேட்கும் சில மேளங்களின் எண்களை நேராகவே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: 8 தோடி, 15 மாயாமாளவகௌளை, 20 நடபைரவி, 21 கீரவாணி, 22 கரகரப்பிரியா, 28 ஹரிகாம்போதி, 29 சங்கராபரணம். இவற்றோடு 36ஐக் கூட்டினால் அவற்றின் பிரதி மத்யம இணைகள் கிடைக்கும்: 15க்கு 51 பந்துவராளி எனப்படும் காமவர்த்தினி, 20க்கு 56 ஷண்முகப்பிரியா, 21க்கு 57 சிம்மேந்திரமத்யமம், 28க்கு 64 வாசஸ்பதி, 29க்கு 65 கல்யாணி. இணைகளில் மத்யமம் ஒன்றுதான் மாறுகிறது. சங்கராபரணத்தையும் கல்யாணியையும் அடுத்தடுத்துக் கேட்டு அந்த ஒரு மாற்றத்தைப் பிடிப்பது, 72 பெயர்களை ஒப்பிப்பதைவிட மதிப்பு மிக்கது. 72இல் 40 விவாதி மேளங்கள் என்பதையும் கருத்திற்கொண்டால், தொடங்குபவர் இப்போதைக்கு அறிய வேண்டியது எவ்வளவு குறைவு என்பது விளங்கும்.

முத்துசுவாமி தீட்சிதர் வழியில் வந்த நூல்களில் சில மேளங்களுக்கு வேறு பெயர்கள் இருக்கும். 22ஆம் மேளம் அங்கே ஸ்ரீராகம். குழம்பாமல், எண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும். ஹிந்துஸ்தானி இசையில் பாத்கண்டே (1860–1936) 10 தாட்டுகளாக ராகங்களைத் தொகுத்தார். அவற்றுள் பிலாவல் நம் சங்கராபரணத்தோடும், காஃபி கரகரப்பிரியாவோடும், பைரவ் மாயாமாளவகௌளையோடும் ஸ்வரத்தில் ஒத்தவை. பெயரொற்றுமையை மட்டும் நம்பக்கூடாது: அங்குள்ள பைரவி தாட்டின் ஸ்வரங்கள் நம் தோடியினுடையவை.

ஸ்வர வரிசை ராகமாகும் இடம்

மேளத்தின் ஏழு ஸ்வரங்களையும் வரிசையாகப் பாடினால் ராகம் வந்துவிடாது. ஒரு மேளத்திலிருந்து பிறக்கும் ஜன்ய ராகம் சில ஸ்வரங்களை விடலாம்: மலஹரி ஏறும்போது ஸ ரி1 ம1 ப த1 ஸ் என்று காந்தார நிஷாதங்களை விட்டு, இறங்கும்போது ஸ் த1 ப ம1 க3 ரி1 ஸ என்று காந்தாரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சில ராகங்கள் நேராகச் செல்லாமல் வளைந்து செல்லும். அவை வக்ர ராகங்கள். சில, தம் மேளத்துக்கு அயலான ஒரு ஸ்வரத்தையும் அழைத்துக்கொள்ளும்: 20ஆம் மேளத்தில் பிறந்த பைரவியில் ஏறும்போது த2, இறங்கும்போது த1, 28இல் பிறந்த காம்போதியில் ‘ஸ் நி ப த ஸ்’ என்ற பிடியில் மட்டும் காகலி நிஷாதம் வரும். அந்த அயல் ஸ்வரம் ஒலிக்கும் கணத்திலேயே ரசிகர்கள் தலையசைப்பதைச் சபையில் பார்க்கலாம்.

இவற்றுக்கும் மேலானது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறை. தோடியின் சாதாரண காந்தாரத்தைக் கீபோர்டின் நான்காம் கட்டையை அழுத்தி நிறுத்தினால் தோடி வருவதில்லை. அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடி வர வேண்டும். கரகரப்பிரியாவிலும் காந்தாரத்தின் ஸ்தானம் அதுவே, ஆனால் அசைவு வேறு, அதனால் முகமும் வேறு. இந்த உண்மையை முழுமையாகக் காட்டுபவை ஆரபியும் தேவகாந்தாரியும். இரண்டும் 29ஆம் மேளத்தின் ஜன்யங்கள். இரண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி2 ம1 ப த2 ஸ், அவரோகணம் ஸ் நி3 த2 ப ம1 க3 ரி2 ஸ. தாளில் ஓர் எழுத்துகூட வேறுபாடு இல்லை. ஆரபி மத்யம காலத்தில் நிமிர்ந்த நடையில் செல்லும். அதன் காந்தாரமும் நிஷாதமும் குறுகிப் பக்கத்து ஸ்வரத்தை ஒட்டிக்கொண்டு கடந்துவிடும். தேவகாந்தாரி விளம்ப காலத்தில் நீண்ட பிடிகளோடு அசைந்து வரும். அதன் ரிஷபம் நெடுநேரம் நின்று உருகும். இரண்டையும் நல்ல வித்வான்கள் பாடக் கேட்டவருக்கு, ராகம் என்பது ஸ்வரங்களின் பட்டியலா என்ற ஐயம் மீண்டும் எழாது. கமகத்தை நூலிலிருந்து கற்க முடியாது. இங்கே ஆசிரியர் இன்றியமையாதவர். கேட்போருக்கோ திரும்பத் திரும்பக் கேட்டல் ஒன்றே வழி.

கச்சேரியில் கேட்கும்போது

அரங்கில் அமர்ந்ததும் தம்புராவின் ஸட்ஜத்தை மனத்துக்குள் பிடித்துக்கொள்ளுங்கள். ஆலாபனை தொடங்கியபின்னும் அதை விடக்கூடாது. அடுத்து மத்யமம் சுத்தமா பிரதியா என்று மட்டும் கவனியுங்கள். அதுவே பாதி மேளங்களை விலக்கிவிடும். பிறகு காந்தாரம் சாதாரணமா அந்தரமா என்று பாருங்கள். ரிஷபமும் தைவதமும் அதன் பின்னர் வரட்டும். குரல் எந்த ஸ்வரங்களில் நின்று இளைப்பாறுகிறது, எதைத் தொடாமலே தாண்டுகிறது என்பதையும் கவனித்தால் ராகத்தின் வட்டம் இன்னும் சுருங்கும்.

கண்ட விடை சரியா என்று பார்க்க இசையிலேயே ஓர் இடம் இருக்கிறது. கீர்த்தனையின் முடிவில் கல்பனாஸ்வரம் பாடும்போது பாடகர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதன் பெயரைச் சொல்லியே பாடுகிறார். ‘க’ என்று அவர் உச்சரிக்கும்போது அந்த ஒலி ஸட்ஜத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று உங்கள் கணிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்; எந்த எழுத்து ஒருமுறையும் வரவில்லையோ அது அந்த ராகத்தில் விலக்கப்பட்டதாக இருக்கக்கூடும். மேல்காலத்தில் எழுத்துகள் விரைந்து ஓடும்போது பின்தொடர முடியாமல் போகும். ஆகவே முதலில் கீழ்க்காலத்தில் பாடப்படும் ஸ்வரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவாயின் அப்பகுதியை மட்டும் நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்டு, கூடவே பாடிப் பாருங்கள்.